பெருவிரல் மூட்டுப் புடைப்பு: சத்திரசிகிச்சைக்குப் பின் காலூன்றி நடத்தல்

கால் பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்புறமாகப் புடைத்து நிற்கும் நிலையை வைத்தியர்கள் ‘பன்யன்’ என்பர். வலியினால் நடப்பதே சிரமமாகும்போது சத்திரசிகிச்சை பரிந்துரைக்கப்படலாம். பெரும்பாலானோர் அன்றைய தினமே வீடு திரும்புவர். அதன் பின்வரும் வாரங்களில் நீங்கள் எவ்வாறு நடக்கின்றீர்கள் என்பது சிகிச்சையின் பலனைப் பெரிதும் தீர்மானிக்கும்.

ஏன் விரைவில் நடக்கச் சொல்கின்றனர்?

இச்சிகிச்சையில் பெரும்பாலும் புடைப்பை மட்டும் அகற்றுவதில்லை. பெருவிரலுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்பை வெட்டி, நகர்த்தி, சிறு திருகாணிகளால் பொருத்துகின்றனர். பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்காஃப்’ முறை, தச்சர்கள் மரத்துண்டுகளை நீளவாக்கில் இணைக்கும் பொருத்தின் பெயரைக் கொண்டது. இவ்விணைப்பு உறுதியானது. ஆகவே பலர் அன்றோ மறுநாளோ குதிகாலை ஊன்றி நடக்க அனுமதிக்கப்படுகின்றனர். அசையாது படுத்தே இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடும்.

எனினும் எல்லாச் சத்திரசிகிச்சைகளும் ஒன்றல்ல. சிலர் பல வாரங்கள் காலை ஊன்றாதிருக்க வேண்டியிருக்கும். உங்கள் வைத்தியசாலையின் அறிவுறுத்தலே முதன்மையானது.

வீட்டினுள்ளும் பாதணி

வாசலில் செருப்பைக் கழற்றுவது எமது வழக்கம். இக்காலத்தில் மட்டும் அதற்கு விலக்கு அளியுங்கள். வெறுங்காலுடன் நடக்கையில் குதிகால் எழ, உடற்பாரம் முன்பாதத்துக்கு மாறி, வெட்டிய எலும்பை வளைக்கும். வைத்தியசாலை தரும் கடினமான அடிப்பாகமுள்ள பாதணி இதனைத் தடுக்கின்றது. எலும்பு இணைய ஏறத்தாழ 6 வாரங்கள் தேவை. எனவே சமையலறைக்கும், இரவில் கழிப்பறைக்கும் செல்லும்போதும் அதனை அணியுங்கள். பாதணியுடன் செல்ல இயலாத கோயில்களுக்குச் செல்வதைச் சில வாரங்கள் ஒத்திவையுங்கள்.

வாரந்தோறும் எதிர்பார்க்கக்கூடியவை

• முதல் 2 வாரங்கள்: பெரும்பாலான நேரம் காலை இதயமட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்திருங்கள். இடையிடையே சிறு தூரம் நடவுங்கள். கட்டு நனையக் கூடாது. காயத்தில் எண்ணெயோ மூலிகைப் பற்றோ பூச வேண்டாம்.

• 2 முதல் 6 வாரங்கள்: காயம் பரிசோதிக்கப்பட்டுத் தையல் அகற்றப்பட்டபின், நடக்கும் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கற்பிக்கப்பட்ட விரற் பயிற்சிகளைத் தவறாது செய்யுங்கள்.

• 6 வாரங்களின் பின்: எலும்பு இணைந்துள்ளதென உறுதிசெய்யப்பட்டால், அகன்ற, மென்மையான சப்பாத்து அணியலாம். வீக்கம் சில மாதங்கள் நீடிப்பது இயல்பே.

வேலையும் வாகனமும்

இருந்து செய்யும் வேலைக்கு முன்னதாகத் திரும்பலாம். கடையிலோ பராமரிப்பு இல்லத்திலோ நின்று பணிபுரிவோருக்குக் கூடுதல் காலம் தேவைப்படும். நோய் விடுப்பின் முதல் 7 நாட்களுக்கு நீங்களே சான்றளிக்கலாம்; அதற்குமேல் வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அதனை வைத்தியசாலையிலேயே கேட்டுப் பெறலாம்.

திடீரெனத் தடையை அழுத்தி வாகனத்தை நிறுத்த இயலும்வரை ஓட்டாதீர்கள். 3 மாதங்களுக்குப் பின்னரும் ஓட்ட முடியாவிடின் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும்.

நீங்கள் கோரக்கூடிய உதவிகள்

தனியே வாழ்வோரும், உதவியின்றிக் குளிக்கவோ உடுத்தவோ இயலாதோரும் தமது மாநகர சபையின் சமூகப் பராமரிப்புப் பிரிவிடம் இலவசத் தேவை மதிப்பீட்டைக் கோரலாம். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தேவையெனக் கண்டறியப்படும் 1,000 பவுண் வரையிலான உதவி உபகரணங்கள் இலவசமாகவே வழங்கப்படும். வைத்தியசாலைச் சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கத் தேவையில்லை.

உடனடிக் கவனத்திற்கு

காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்பன தோன்றினால் அன்றே வைத்தியசாலையையோ 111ஐயோ அழையுங்கள். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் ஏற்பட்டாலும் அவ்வாறே செய்யுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் 999ஐ அழையுங்கள். நீரிழிவுள்ளோருக்குப் பாதத்தில் வலி தெரியாதிருக்கலாம்; ஆகவே வலியை எதிர்பாராது நாள்தோறும் காலைப் பார்வையிடுங்கள்.