தோட்ட வேலைக்குப் போன இடத்துல கொலை! - 'ரோஸ்மேரி அண்ட் தைம்' பார்க்க நீங்க ரெடியா?

ராத்திரி 11 மணி. லைட்டை அணைச்சாச்சு. போன் ஸ்க்ரீன்ல ஒருத்தர் ரோஜாச் செடிக்குப் பக்கத்துல செத்துக் கிடக்கிறார். நீங்க பதறணும்தானே? இல்லை... கொட்டாவி விட்டுக்கிட்டே போர்வையை இழுத்துப் போர்த்திக்கிறீங்க. கொலையைப் பார்த்துட்டு நிம்மதியா தூங்க வைக்கிற இந்த வித்தை பிரிட்டிஷ் டி.வி-க்குக் கைவந்த கலை. அதுக்கு 'கோஸி மிஸ்ட்ரி'னு பேரு. இதமான மர்மக்கதைனு வெச்சுக்கலாம்.

சீரியல் கில்லர், ரத்தம் தெறிக்கிற சுவர், தூக்கமில்லாத போலீஸ் ஆபீஸர்... இதெல்லாம் இங்கே கிடையாது. பச்சைப்பசேல்னு ஒரு கிராமம், பெரிய வீடு, ஆளாளுக்கு ஒரு ரகசியம். முதல் விளம்பர இடைவேளை வர்றதுக்குள்ள ஒரு உயிர் போயிடும். ஒரு மணி நேர ஸ்லாட் முடியறதுக்குள்ள யார் கொன்னாங்கனு தெரிஞ்சுடும். கண்டுபிடிக்கிறவங்க பெரும்பாலும் போலீஸ் கிடையாது. பாதிரியார், ரிட்டயர்டு டீச்சர், குறுக்கெழுத்துப் புதிர் போடுறவர்னு யாராவது ஒருத்தர். 2024-ல் பிபிசி-யில் வந்த 'லுட்விக்'கில் டேவிட் மிட்செல் அப்படித்தான். காணாமல்போன போலீஸ்கார இரட்டைச் சகோதரன் மாதிரி நடிச்சு, ஸ்டேஷனுக்குள்ளேயே போய் உட்காரும் புதிர்ப் பைத்தியம். அதுவும் சூப்பர்தான். ஆனா நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது அதுக்கும் 20 வருஷம் முன்னாடி.

2003-ல் ஐடிவி சேனலில் ஆரம்பிச்ச 'ரோஸ்மேரி அண்ட் தைம்'. மூணு சீசன், மொத்தம் 22 எபிசோடு. ரோஸ்மேரி பாக்ஸர், தாவர நோய்களைப் படிச்ச யுனிவர்சிட்டி லெக்சரர், வேலை போயிடுது. லாரா தைம், முன்னாள் போலீஸ். கணவர் இளம்பெண் ஒருத்தருக்காக அவரை விட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவங்க. ஒரு வீட்டுல எதேச்சையா சந்திக்கிறாங்க. அங்கே ஒரு சாவு. அதைத் துப்பறிஞ்சு முடிக்கும்போது, 'சேர்ந்து தோட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கலாமே'னு தோணுது. அவ்வளவுதான் கதை. (ரோஸ்மேரி, தைம் ரெண்டுமே சமையல் மூலிகைப் பேருங்கிறதை நானே மூணாவது எபிசோடுலதான் கவனிச்சேன். சிரிக்காதீங்க.)

தோட்டக்காரம்மாவை யார் பார்ப்பாங்க?

அமெச்சூர் துப்பறிவாளர் கதைகளில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. போலீஸ்னா வாரன்ட் இருக்கும், கால் ரெக்கார்டு வாங்கலாம், கூப்பிட்டு உட்கார வெச்சு விசாரிக்கலாம். சாதாரண ஆளுக்கு? அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழையவே ஒரு சாக்கு வேணும்.

அந்தச் சாக்கைத்தான் இந்த சீரிஸ் அழகா பிடிச்சிருக்கு. மண்வெட்டியும் கையுறையுமா ரெண்டு அம்மாக்கள் தோட்டத்துல குனிஞ்சு வேலை பார்க்கிறாங்க. மேலே ஜன்னல் திறந்திருக்கு. உள்ளே புருஷன் பொண்டாட்டி சண்டை, சொத்துத் தகராறு, ரகசிய போன் கால். தோட்டக்காரங்க காதுல விழுமேனு யாரும் யோசிக்கிறதே இல்லை. வேலை செய்ய வந்தவங்க, அதுவும் வயசான பொம்பளைங்க. பணக்கார வீட்டுக்காரங்க கண்ணுக்கு அவங்க தெரியறதே இல்லை.

அகதா கிறிஸ்டி இந்த ரூட்டை முன்னாடியே போட்டுட்டார். 1930-ல் வந்த முதல் மிஸ் மார்ப்பிள் நாவல்லயே, அந்தப் பாட்டி தோட்டத்துல நின்னுக்கிட்டே ஊரையே கவனிப்பார். இதை உருவாக்கிய பிரையன் ஈஸ்ட்மேன், கிறிஸ்டியின் 'பொய்ரோ' சீரிஸைத் தயாரிச்சவர்ங்கிறதால அந்த வாசனை இங்கேயும் இருக்கு. ஆனா மார்ப்பிளுக்குத் தோட்டம் பொழுதுபோக்கு. இவங்களுக்கு அது சோறு. கொலையாளி பிடிபடலைன்னாலும் வேலி கட்டி முடிச்சாகணும்.

காமெடி வர்றதும் இங்கிருந்துதான். திருடங்க மாதிரி எட்டிப்பார்த்து மாட்டிப்பாங்க. தப்பான ஆளைச் சந்தேகப்பட்டு அசடு வழிவாங்க. ரோஸ்மேரி லத்தீன்ல செடி பேரைச் சொன்னா லாரா ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க... அந்தப் பார்வைக்கே தனியா சம்பளம் கொடுக்கலாம்! லாராவா நடிச்ச பேம் ஃபெரிஸை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'மட்டில்டா' படத்தின் கொடூர ஹெட்மிஸ்ட்ரஸ் அவர்தான். ஹாரி பாட்டர் மூணாவது படத்துல பலூன் மாதிரி ஊதிப் பறந்துபோகும் ஆன்ட்டியும் அவரே.

ரோஸ்மேரியா வரும் ஃபெலிசிட்டி கெண்டலுக்கும் நமக்கும் ஒரு உறவே உண்டு. அவர் வளர்ந்தது இந்தியாவில். அப்பா ஜெஃப்ரி கெண்டல், ஷேக்ஸ்பியர் நாடகங்களை இந்தியா முழுக்க ஊர் ஊரா கொண்டுபோன குழுவை நடத்தியவர். அக்கா ஜெனிஃபர், நடிகர் சசி கபூரின் மனைவி. ஃபெலிசிட்டி அறிமுகமான 'ஷேக்ஸ்பியர் வாலா' (1965) படத்துக்கு இசை யார் தெரியுமா? சத்யஜித் ரே! அப்புறம் லண்டன் போய், 70-களில் 'தி குட் லைஃப்' காமெடியில் வீட்டுக் கொல்லையிலேயே காய்கறி விளைவிக்கும் பெண்ணா நடிச்சு பிரிட்டனோட செல்லப்பிள்ளை ஆனார். அவர் திரும்ப மண்வெட்டி எடுத்ததும் ஆடியன்ஸ் குஷியாகியிருப்பாங்கதானே?

செடி இங்கே சும்மா அலங்காரமும் இல்லை. எந்த மண்ணில் எது வளரும், எந்த இலை எப்போ வாடும், எதைத் தின்னா ஆபத்துங்கிறதெல்லாம் தடயமா வரும். பிரிட்டிஷ் தோட்டத்துக்கும் விஷத்துக்கும் அப்படி ஒரு பந்தம். அழகா மணி மணியா பூக்கும் ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்துதான் இதய மருந்தே எடுக்கிறாங்க. அளவு மீறினா அதே செடி இதயத்தை நிறுத்திடும். நம்ம ஊர் அரளியும் இதயத்தைத் தாக்குற அதே வகை விஷம்தான். தேவாலயக் கல்லறைகளில் நிற்கும் யூ மரத்துல, சிவப்புப் பழத்தோட சதையைத் தவிர மத்ததெல்லாம் விஷம்.

அம்மா கேட்ட கேள்வி

இதை நான் தனியா பார்க்கலை. அம்மாகூட பார்த்தேன். 19 வருஷம் பார்த்த ஆபீஸ்ல, 51 வயசுல அம்மாவை 'இனி வேண்டாம்'னு அனுப்பிட்டாங்க. வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேச மாட்டோம். சப்டைட்டிலைப் படிச்சுக்கிட்டே வந்தவங்க, நாலாவது எபிசோடுல திடீர்னு கேட்டாங்க: "ஏன்டி, இவங்க கூலி எவ்வளவுனு பேசவே மாட்டேங்கிறாங்களே... மாசம் எவ்வளவு வரும்?"

எனக்குப் பதில் தெரியலை. சீரிஸும் அதை ரொம்ப விளக்குறதில்லை. வேலை போன பெண்ணுக்கும், வீடு உடைஞ்ச பெண்ணுக்கும் உடனே அடுத்தடுத்து அரண்மனைத் தோட்டங்கள், இத்தாலி, ஸ்பெயின்னு ஆர்டர் கிடைக்குது. நிஜத்துல அப்படி நடக்குமா என்ன? கொலைக்கான காரணங்கள் சிலது காதுல பூ சுத்துற ரகம். லோக்கல் போலீஸ் பல நேரம் வேணும்னே மந்தமா இருக்காங்க. இவங்க கால் வைக்கிற இடத்திலெல்லாம் பிணம் விழுந்தும் எவனும் இவங்களைச் சந்தேகப்படலை! வில்லன் யார்னு நீங்க பாதியிலேயே சொல்லிடுவீங்க, அதுக்கும் ரெடியா இருங்க.

ஆனா ஒண்ணு. 2003-ல், 55-ஐத் தாண்டிய ரெண்டு நடிகைகளை நாயகிகளா வெச்சு, அவங்களை இளமையாக்க முயற்சி பண்ணாம ஒரு சீரிஸ் ஓடியிருக்கு. லாராவோட அழுகை முதல் எபிசோடோட மறைஞ்சிடாது. போனவனைப் பத்தின கசப்பு அப்பப்போ ஜோக்கா வெளியே வரும். அந்த ஜோக்குக்கெல்லாம் அம்மா என்னைவிட அரை செகண்ட் முன்னாடியே சிரிச்சாங்க.

எபிசோடெல்லாம் தனித்தனிக் கதைதான். இருந்தாலும் ரெண்டு பேரும் சந்திக்கிற முதல் எபிசோடை மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் 'எ சிம்பிள் ப்ளாட்' பாருங்க. 'ப்ளாட்'னா கதைத்திட்டம், வாடகைக்கு விடுற துண்டு நிலமும் அதேதான். அந்த மாதிரிக் குட்டிக் காய்கறித் தோட்டங்களில் நடக்கிற தகராறு, தெருக்குழாய்ச் சண்டைக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை.

டைட்டில் சாங்கை ஸ்கிப் பண்ணாதீங்க, இயர்போன் போட்டுக்கோங்க. 'ஸ்கார்பரோ ஃபேர்'ங்கிற பழைய நாட்டுப்புறப் பாட்டைக் கொஞ்சம் மாத்தி, ஜான் வில்லியம்ஸ் கிட்டார்ல வாசிச்சிருப்பார். ரோஸ்மேரியும் தைமும் அந்தப் பாட்டுல வர்ற மூலிகைகள். அம்மா இப்போ அதைத்தான் ரிங்டோனா வெச்சுக் கொடுனு கேட்டுக்கிட்டிருக்காங்க.