18 வயதுக்கும் 22 வயதுக்கும் நடுவே: பெங்களூரு எஃப்சி காட்டும் பள்ளம்

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, சர்வதேசக் கால்பந்திலிருந்து விடைபெற்றார் சுனில் சேத்ரி. ஒன்பதே மாதத்தில், 2025 மார்ச்சில், இந்திய அணி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 40. அந்த ஐஎஸ்எல் சீசனில் பெங்களூரு எஃப்சிக்காக 14 கோல்கள் அடித்து, இந்திய வீரர்களில் முதலிடத்தில் இருந்தார். அவருடைய உடற்தகுதியையும் ஒழுக்கத்தையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அவருடைய இடத்தை அசைத்துப் பார்க்க 22 வயதில் ஓர் இந்திய முன்கள வீரர் ஏன் வரவில்லை என்று கேட்டால், உடனே ஒரு பழைய பதில் வந்து விழும்: நம் பையன்களுக்குச் சிறு வயதிலேயே சரியான பயிற்சி கிடைப்பதில்லை என்பார்கள். நாட்டின் பல ஊர்களுக்கு அது பொருந்தும். பெங்களூரு எஃப்சி விஷயத்தில் பொருந்தாது. இங்கே அடித்தளம் இருக்கிறது. 18 வயதில் அகாடமியை முடித்த பையன் 22 வயதுக்குள் ஆட வேண்டிய ஆட்டங்கள்தான் இல்லை.

2013இல் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் தொடங்கிய இந்தக் கிளப், பல்லாரி மாவட்டத்து விஜயநகரில் உண்டு உறைவிட அகாடமி அமைத்தது. இரண்டாம் அணியைப் பெங்களூரு சூப்பர் டிவிஷனில் இறக்கியது. இளையோருக்கென 2022இல் தொடங்கப்பட்ட ரிலையன்ஸ் பவுண்டேஷன் டெவலப்மென்ட் லீகின் முதல் கோப்பையை வென்றதும் இதன் பையன்கள்தான். மறு ஆண்டும் அவர்களே. ஆனால் அந்த முதல் லீகில் சாம்பியன் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டங்கள். ஏழிலும் வெற்றி. வெற்றி இருக்கட்டும், ஓர் இளைஞன் தோற்று, திருந்தி, மறுபடி தோற்று, ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஏழு ஆட்டம் போதுமா? அமெரிக்க பேஸ்பால் கிளப் ஒவ்வொன்றும் முதன்மை அணிக்குக் கீழே முழு சீசன் ஆடும் நான்கு அணிகளைப் படிப்படியாக வைத்திருக்கிறது; அவற்றில் மேல்படியான டிரிபிள் ஏ அணி ஒரு சீசனில் 150 ஆட்டங்கள் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும் ஆடக்கூடிய பேஸ்பாலின் கணக்கைக் கால்பந்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். கால்பந்தில் ஆண்டுக்கு 30 கடுமையான ஆட்டங்கள் கிடைத்தாலே பெரிது. அந்த முப்பதுக்கே இங்கு வழியில்லை.

ஆட்டங்கள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரு அணியிலேயே சாட்சி உண்டு. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்களைக் கொண்டு இந்தியன் ஆரோஸ் அணிக்கு மறுஉயிர் கொடுத்த அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதை ஐ லீகில் முழுவளர்ச்சி பெற்ற ஆண்களோடு மோதவிட்டது. அந்த அணியிலிருந்து 2019இல் பெங்களூருக்கு வந்த சுரேஷ் சிங் வாங்ஜாம், காத்திருக்கத் தேவையில்லாமல் நடுக்களத்தில் இடம்பிடித்தார். ஆரோஸ் பெரும்பாலும் பட்டியலின் அடியில்தான் கிடந்தது, தோற்பதற்கென்று ஓர் அணியா என்று கேலியும் எழுந்தது. 2022இல் கலைத்துவிட்டார்கள். பதிலுக்கு இளையோர் லீகில் கவனம் செலுத்துவோம் என்றார்கள். சம வயதுக்காரனோடு மட்டுமே ஆடும் பையனுக்கு, முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரரின் தோள் எப்படி இடிக்கும் என்பது தெரியாமலே போகிறது.

அப்படியென்றால் சிவசக்தி நாராயணன் எப்படி வந்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரைக்குடிப் பக்கத்துக்காரரான அவர் இரண்டாம் அணி வழியாகவே மேலேறி, 2022 டூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். அந்த ஐஎஸ்எல் சீசனில் பயிற்சியாளர் சைமன் கிரேசன் சேத்ரியையே பெஞ்சில் உட்காரவைத்து, ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாக இவரைத் தொடர்ந்து இறக்கினார். அணி இறுதிவரை போனது. வளரும் வீரர் விருதும் இவருக்கே. முந்தைய சீசனில் அதைப் பெற்ற ரோஷன் சிங்கும் இதே கிளப்பின் இரண்டாம் அணியில் இருந்தவர்தான். ஆனால் இதிலிருந்து ‘அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது’ என்ற முடிவுக்கு வர முடியாது. தொடர்ந்து வாய்ப்புக் கொடுத்தவுடன் பையன் தழைத்தான் என்பதுதான் இதில் தெரிகிறது. அடுத்த சீசன்களில் சிவசக்தியின் கோல்கள் வற்றின. இளம் முன்கள வீரர் எவருக்கும் நேரக்கூடிய சறுக்கல் அது. ஸ்பெயினில் என்றால் கிளப்பின் பி அணிக்கு அனுப்பி, கீழ் டிவிஷனில் நான்கு மாதம் ஆடவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இங்கே முதல் பதினொன்றுக்கு அடுத்த படி பெஞ்ச்தான். முடிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பயிற்சியாளர் கோல் அடிக்க வெளிநாட்டு வீரரைத் தேடுவதையும் தவறென்று சொல்ல முடியாது. என்றாலும், கீழிறக்கமே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் நடந்த ஐஎஸ்எல்லில், பட்டியலின் நடுவிலும் அடியிலும் இருக்கும் அணிகள்கூட இளைஞர்களை இறக்கத் தயங்கியதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

ஐஎஸ்எல் கிளப்களின் ரிசர்வ் அணிகளை, மேலேறும் உரிமை இல்லாமல், ஐ லீக் இரண்டாம் டிவிஷனில் ஆடவிட்ட காலம் ஒன்று இருந்தது. பெரிய கிளப்களின் நிழல் தங்கள் இடத்தைப் பறிக்கிறது என்று சிறிய கிளப்கள் முறையிடுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஜப்பானிலும் 2016 முதல் 2020 வரை மூன்றாம் டிவிஷனில் சில கிளப்களின் 23 வயதுக்குட்பட்டோர் அணிகளை அனுமதித்து, பிறகு நிறுத்தினார்கள். அந்த எதிர்ப்பை மதிப்பதாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது: சிறிய கிளப்களுக்கே பையன்களை லோனில் கொடுத்து, சம்பளத்தைப் பெரிய கிளப் ஏற்பது. 2024-25இல் ஐ லீகில் ஆடி ஒரே சீசனில் கீழிறங்கிய எஸ்சி பெங்களூரு இதே நகரத்து அணிதான். அங்கே நான்கு பையன்கள் முழு சீசன் ஆடியிருந்தால் இரு தரப்புக்கும் நஷ்டமில்லை. 2025 ஆகஸ்டில் ஐஎஸ்எல்லின் எதிர்காலமே தெளிவில்லாமல் போனபோது, முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்த பெங்களூரு எஃப்சி, இளையோர் அணிகள் வழக்கம்போல் இயங்கும் என்று அறிவித்தது. நல்ல முடிவு. லீகை யார் நடத்துவது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு எழும்போதே, ஒவ்வொரு கிளப்பும் 21 வயதுக்குட்பட்ட தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை போட்டி ஆட்டங்களை உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் உரிம விதிகளில் எண்ணாகவே எழுதிவிடலாம்.