சில்வியா: சென்னையில் கண்டறியப்பட்ட சிறுகோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் சூரியனைச் சுற்றிவரும் எண்ணற்ற சிறுகோள்களுள் 87 என்னும் வரிசை எண்ணைப் பெற்றது சில்வியா. 1866 மே 16 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் நார்மன் போக்சன் இதனைக் கண்டறிந்தார். விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்க இன்றும் பயன்படும் அளவுமுறையை 1856-இல் வகுத்தவரும் இவரே.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் இக்கூடத்தை நிறுவியது வானியலுடன் புவியியலும் கடற்பயணமும் பயன்பெறுவதற்காகவேயாம். சிறுகோளைத் தேடுவதால் கருவூலத்துக்கு யாதொரு வரவும் இல்லை. விண்மீன் படங்களை வரைந்து, இரவுதோறும் வானத்தோடு ஒப்பிட்டு, இடம் பெயர்ந்த புள்ளி எது எனக் காண்பதே அன்றைய முறை. பொறுமையே அதற்கான பெரும் முதலீடு எனலாம்.

சில்வியா சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ள ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். அதன் சராசரி விட்டம் சுமார் 270 கிலோமீட்டர்; ஆயினும் உருண்டை வடிவினதன்று, நீண்ட வடிவுடையது.

ஒரு சிறுகோளின் ஒளியைக் கொண்டு அதன் பருமனை ஓரளவு மதிப்பிடலாம். நிறையை அறிய இயலாது. அதற்குத் துணைக்கோள் ஒன்று இருந்தால் பெரிதும் உதவும். 2001-இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி வாயிலாக இத்தகைய துணைக்கோள் ஒன்று புலப்பட்டது. சிலி நாட்டுத் தொலைநோக்கியில் 2004-இல் எடுத்த படங்களில் மற்றொன்று தென்பட்டு, 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்களைக் கொண்ட சிறுகோள் என முதலில் அறியப்பட்டது சில்வியாவே. உரோமானியர் புராணத்தில் ரியா சில்வியா ஈன்ற இரட்டையரின் பெயர்களான ரோமுலஸ், ரீமஸ் என்பன இவற்றுக்குச் சூட்டப்பட்டன.

ரோமுலஸ் சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில், 3.65 நாள்களுக்கு ஒருமுறை சில்வியாவைச் சுற்றுகிறது. தொலைவும் காலமும் தெரிந்தால், கெப்ளர், நியூட்டன் ஆகியோரின் விதிகளின்படி நடுவிலுள்ள பொருளின் நிறை கிடைத்துவிடும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். விடை சுமார் 15,000 இலட்சம் கோடி டன். நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

இந்நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைக்கும் அடர்த்தி, நீரின் அடர்த்தியைப் போல் 1.2 முதல் 1.4 மடங்கே. சாதாரணப் பாறையோ இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டது. எனவே சில்வியா ஒரே கெட்டிப் பாறையாக இருத்தல் இயலாது. முன்னொரு மோதலில் சிதறிய துண்டுகள் மீண்டும் திரண்டு, இடையிடையே வெற்றிடங்களுடன் அமைந்த குவியலாக இருக்கலாம். உள்ளே பனிக்கட்டியும் கலந்திருக்கலாம். துணைக்கோள்களும் அம்மோதலின் எச்சங்களே என்று கருதப்படுகிறது.

போக்சன் 1868-இல் சென்னையிலிருந்தே கண்டறிந்த கமில்லா என்னும் சிறுகோளுக்கும் இரு துணைக்கோள்கள் உள்ளன. அவற்றுள் இரண்டாவது 2016-இல்தான் அறியப்பட்டது.