50-ம் 50-ம் 96

ஒரு அளவுக்குவளையில் 50 மில்லி தண்ணீர். இன்னொன்றில் 50 மில்லி சுத்தமான எத்தனால். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் 100 வர வேண்டுமே? வராது. 96 மில்லிச் சொச்சம்தான் தேறும். குவளையைத் தொட்டால் லேசாகச் சுடும். எடை போட்டால் ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனையில் இருக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, தண்ணீரை இறுகப் பற்றிக்கொள்கிறது. நெருக்கியடித்து உட்கார்ந்த பேருந்து இருக்கைபோல இடம் மிச்சமாகிவிடுகிறது.

இந்த ஒட்டுதலோடுதான் எத்தனால் ஆலைகள் மல்லுக்கட்டுகின்றன. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புக் கழிவுப்பாகில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். புளித்ததைக் காய்ச்சி வடிப்பார்கள். எத்தனால் கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில்; தண்ணீர் 100-ல். சுலபமாகப் பிரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால், சாதாரணமாக எத்தனை முறை வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சத் தண்ணீரும் கூடவே ஆவியாகிவிடும். அதைப் பிடிக்க ஜியோலைட் மணிகள் வேண்டும். அவற்றின் நுண்துளைக்குள் தண்ணீர் மூலக்கூறு நுழைந்து மாட்டிக்கொள்ளும். சற்றுப் பருத்த எத்தனால் வெளியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டு உலர்த்துவது பெட்ரோலில் கலக்கத்தான். இந்தியாவில் 2003-ல் 5 சதவீதக் கலப்பில் தொடங்கி, 2025-ல் 20 சதவீதத்தை எட்டினோம். எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம். ஆனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறைவது இதனால்தான்.

மழைக்காலத்தில் டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் கசிந்தால் பழைய உறவு தலைதூக்கும். அளவு மிஞ்சியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்த் தங்கும். எரிபொருள் எடுக்கும் வழி இருப்பதும் அங்கேதான். வண்டி ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக் டேங்கைக் காலிசெய்து பாட்டிலில் பிடித்துக் காட்டினால் இரண்டு அடுக்காகத் தெரியும்.

கிருமிநாசினியில் கதை தலைகீழ். கிருமியின் புரதத்தைக் குலைக்க எத்தனாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். சுத்தமான எத்தனால் சட்டென்று ஆவியாகிவிடும். 70 சதவீதக் கரைசல் அதைவிட நன்றாக வேலை செய்யும். சானிடைசர் பாட்டிலில் தண்ணீர் இருப்பது கலப்படம் அல்ல.