கதை முடியும் முன்பே 'வணக்கம்' போடும் சீரியல்கள்: முடிவெடுப்பது யார்?

2024 ஜூன் 8, சனிக்கிழமை. சன் டிவியில் 'எதிர்நீச்சல்' முதல் பாகத்தின் கடைசி எபிசோடு ஒளிபரப்பானது. 2022 பிப்ரவரியில் தொடங்கி 740 எபிசோடுகளைத் தாண்டிய தொடர். டி.ஆர்.பி. பட்டியலில் முன்னணியில் நின்ற தொடரும்கூட. 'இன்னும் எவ்வளவோ இருக்கே, அதுக்குள்ள முடிச்சுட்டாங்களே' என்று ரசிகர்கள் புலம்பினார்கள்.

தமிழில் சீரியல் என்றாலே 'எப்பதான் முடிப்பீங்க?' என்ற கிண்டல்தான் அதிகம். ஆனால் பாதியில் நின்றுபோன, அவசரமாக முடித்துவைக்கப்பட்ட தொடர்களும் நிறைய உண்டு. அந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள்? நன்றாக இருந்தாலும் ஒரு தொடர் ஏன் நிற்கிறது?

தேனிக்காரர் போட்ட பிள்ளையார் சுழி

மதுரையில் ஒரு பெரிய வீடு. படித்த மருமகள்கள் அடுப்படியில். வீட்டையே கட்டுப்படுத்தும் மூத்தவர் ஆதி குணசேகரன். 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். பெண்கள் எப்படி வெளியே வருகிறார்கள் என்பதுதான் கதை. ஆனால் 'இந்தாம்மா ஏய்' என்று அதட்டும் குணசேகரன்தான் ரீல்ஸ், மீம்ஸ் என எல்லா போனிலும் நுழைந்தார்.

அந்த வேடத்தில் நடித்த ஜி.மாரிமுத்து, தேனி மாவட்டம் வருசநாடு பக்கம் பசுமலைத்தேரி கிராமத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களின் இயக்குநர். 'பரியேறும் பெருமாள்' பார்த்தவர்களுக்கு முகம் பழக்கம். சினிமாவில் பல வருடம் உழைத்தவருக்கு, வீடு வீடாகப் பெயர் வாங்கித் தந்தது இந்த சீரியல்தான்.

2023 செப்டம்பர் 8 அன்று, சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு இறந்தார். சொந்த ஊரில் இறுதிச் சடங்கு நடந்தது. அடுத்த மாதமே எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். தேர்ந்த நடிகர்தான். ஆனாலும் ஒருவரின் பேச்சையும் நடையையும் வைத்துக் கட்டிய பாத்திரத்தை இன்னொருவர் தோளில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒன்பது மாதத்தில் தொடர் முடிந்தது.

சினிமாவில் நடிகர் இறந்தால் கதையை மாற்ற அவகாசம் கிடைக்கும். தினசரி சீரியலுக்கு அது கிடையாது. கையிருப்பில் இருக்கும் எபிசோடுகள் தீர்ந்தால் மறுநாள் இரவு திரை காலி.

கொரோனா காவு வாங்கிய தொடர்கள்

கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் பல சேனல்களில் புது எபிசோடே இல்லை. பழைய தொடர்கள் தூசு தட்டப்பட்டன.

படப்பிடிப்புக்கு அனுமதி கிடைத்தபோது எல்லோரும் திரும்பி வரவில்லை. ரேவதி நடித்த 'அழகு' 700 எபிசோடுகளைத் தாண்டியிருந்தது. அதோடு 'கல்யாண பரிசு', 'தமிழ்ச்செல்வி', 'சாக்லேட்' ஆகியவையும் சன் டிவியில் கைவிடப்பட்டன. 'சாக்லேட்' தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. விஜய் டிவியில் 'அரண்மனைக் கிளி'யும் அப்படியே நின்றது. கடைசிக் காட்சி, சுபம் எதுவும் கிடையாது. ஊரடங்குக்கு முன் எடுத்த எபிசோடுதான் கடைசி எபிசோடு.

பார்ப்பவருக்கு இது ஏமாற்றம். அதில் வேலை செய்தவர்களுக்குப் பிழைப்பே போனது. லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், சாப்பாடு பரிமாறும் புரொடக்‌ஷன் ஆள் எல்லோருக்கும் நாள் கூலி. தினமும் ஷூட்டிங் இருப்பதால்தான் சீரியலை நம்பி குடும்பம் நடத்துகிறார்கள். ஒரு தொடர் நிற்பது அவர்களுக்கு ஒரு கம்பெனி மூடுவது மாதிரி.

பெரியகுளத்துக்கு எத்தனை மீட்டர்?

விபத்தும் கொரோனாவும் எப்போதாவது வருபவை. சாதாரண நாளில் ஒரு சீரியலின் ஆயுளைத் தீர்மானிப்பது வியாழக்கிழமைதோறும் வரும் 'பார்க்' அமைப்பின் ரேட்டிங். தேர்ந்தெடுத்த வீடுகளின் டிவியில் ஒரு மீட்டர் இருக்கும். சேனலின் ஒலிக்குள், காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் கலந்திருக்கும். எந்த சேனல் ஓடுகிறது என்பதை மீட்டர் அதை வைத்துக் கண்டுபிடிக்கும். வீட்டில் யார் பார்க்கிறார்களோ அவர்கள் தங்களுக்கான பட்டனை அழுத்த வேண்டும். எந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது ரகசியம்.

நாடு முழுக்க இப்படிச் சுமார் 55 ஆயிரம் வீடுகள். 2020 மதிப்பீட்டின்படி டிவி இருக்கும் வீடுகளோ 21 கோடி. ஏறக்குறைய 3,800 வீட்டுக்கு ஒரு மீட்டர்.

இதைப் பெரியகுளத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 43 ஆயிரம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் சுமார் 11 ஆயிரம் வீடு. அகில இந்திய சராசரிப்படி பார்த்தால் மொத்த ஊருக்கும் மூன்று மீட்டர்கூட வராது. தென்கரையிலும் வடகரையிலும் தெருத் தெருவாக ஒரு சீரியலைப் பார்த்தாலும், அதைச் சொல்வதற்கு இரண்டு மூன்று வீடுதான். நிஜத்தில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம்.

'அப்போ இது ஏமாத்து வேலையா?' என்றால் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். கோடிப் பேர் பார்க்கும் தொடருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். சில லட்சம் பேர் மட்டும் உயிராகப் பார்க்கும் தொடருக்குத்தான் சிக்கல். மீட்டர் வீடுகள் நாலைந்து சேனல் மாற்றினாலே அதன் ரேட்டிங் ஆடிப்போகும்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். 2015 அக்டோபரில்தான் பார்க், கிராமப்புற வீடுகளையும் சேர்த்து ரேட்டிங் வெளியிடத் தொடங்கியது. அதுவரை வருசநாட்டு மலையடிவாரத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பது விளம்பரதாரர்களுக்குத் தெரியவே தெரியாது.

போனில் பார்த்தால் கணக்கில் வருமா?

டி.ஆர்.பி.யில் வராது. வேலைக்குப் போய் லேட்டாக வந்து, சாப்பிட்டுக்கொண்டே ஆப்பில் எபிசோடு பார்ப்பவர்கள் அந்த மீட்டருக்குத் தெரிய மாட்டார்கள். ஆப் பார்வைகள் தனிக் கணக்கு, அதன் வருமானமும் தனி. ரீல்ஸில் ஒரு சீன் பத்து லட்சம் பேரிடம் போனாலும், இரவு 9.30 மணி விளம்பரத்தின் விலை அதனால் ஏறுவதில்லை. 'எல்லாரும் இதைப் பத்திதானே பேசுறாங்க, ஏன் நிறுத்துனாங்க?' என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

ஓ.டி.டி.யில் ஒவ்வொரு பார்வையும் பதிவாகும். அதற்காக அங்கே நல்ல தொடர்கள் தப்பிப்பதும் இல்லை. 'டார்க்' எடுத்தவர்களின் '1899' தொடர் 2022 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. மூன்று சீசன் திட்டம். முதல் சீசன் முடிச்சு அவிழாமலேயே 2023 ஜனவரியில் ரத்து. அங்கே செலவுக்குத் தகுந்த கூட்டம் வந்ததா, வந்தவர்கள் கடைசிவரை பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

உயிர்த்தெழுந்த கதைகளும் உண்டு. அமெரிக்காவில் 'ஃபயர்ஃப்ளை' 2002இல் 14 எபிசோடு எடுத்து, 11 மட்டும் ஒளிபரப்பாகி நின்றது. டி.வி.டி. விற்பனை பிய்த்துக்கொண்டு போக, 2005இல் 'செரினிட்டி' என்று படமாகவே வந்தது. 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை 2018இல் ஃபாக்ஸ் கைவிட்ட மறுநாளே என்.பி.சி. எடுத்துக்கொண்டது.

நம்ம ஊரிலும் நடந்தது. 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் 2024 டிசம்பர் 23 அன்று இரண்டாம் பாகம் தொடங்கியது. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. ரசிகர் பட்டாளம் இருந்த தொடர் ஆறே மாதத்தில் திரும்பி வந்தது. அதே அளவு சத்தம் போட ஆளில்லாத 'அழகு' வரவில்லை.

முடிவைக் கேட்பது தப்பா?

லாபம் வராத தொடரை ஓட்டிக்கொண்டே இருக்கச் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்துவது வேறு, முடிப்பது வேறு. இரண்டு வாரம் முன்கூட்டியே சொன்னால் எழுத்தாளர் கதையை ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார், நாள் கூலிக்காரர் அடுத்த வேலை தேடிக்கொள்வார். நாகா இயக்கிய 'விடாது கருப்பு' மாதிரி முடிவு தெரிந்தே எடுக்கப்பட்ட வாராந்திரத் தொடர்களை, கால் நூற்றாண்டு கடந்தும் யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். அந்தக் கதைகள் தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை முழுசாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டு வருடம், மூன்று வருடம் தினமும் அரைமணி நேரம் கொடுத்தவருக்கு, அந்த மருமகள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாளா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நியாயம்.