உயிருள்ள திசுவில் உயிர்வளியை அளத்தல்: காந்த ஒத்ததிர்வு முறைகள் இரண்டு

புற்றுக்கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பதில் உள்ள இடர்ப்பாடுகளுள் ஒன்று உயிர்வளிக் குறைவாகும். உயிர்வளி மிகவும் குன்றிய உயிரணுக்களை அழிக்க ஏறத்தாழ 3 மடங்கு வரை கதிர்வீச்சு தேவைப்படும். பிரித்தானிய இயற்பியலாளர் எல். எச். கிரேயும் அவர்தம் குழுவினரும் 1953ஆம் ஆண்டிலேயே இச்சிக்கலை எடுத்துரைத்தனர். எனவே, கட்டியினுள் உயிர்வளி எவ்வளவு உள்ளது என்பதை அறிதல் இன்றியமையாததாகிறது. ஊசி வடிவ மின்முனையைச் செலுத்தி அதனை அளக்கலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் திசுவைத் துளைக்க வேண்டும். இக்குறையைக் காந்த ஒத்ததிர்வு முறைகள் பெரிதும் நீக்குகின்றன.

எனினும், ‘உயிர்வளி அளவு’ என்னும் தொடர் இருபொருள் தருவதாகும். குருதியின் ஈமோகுளோபின் சுமந்து செல்லும் உயிர்வளி ஒன்று. திசுவில் கரைந்திருக்கும் உயிர்வளியின் அழுத்தம் மற்றொன்று. இவ்விரண்டையும் இருவேறு முறைகள் அறிவிக்கின்றன.

முதலாவது, காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கம். உயிர்வளியை இழந்த ஈமோகுளோபின் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படும் இயல்புடையது. உயிர்வளி ஏற்றதோ அவ்வியல்பற்றது. இதனை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936இல் கண்டறிந்தனர். உயிர்வளி இழந்த குருதி தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைச் சிறிது குலைப்பதால் படிமக் குறிகை குறைகிறது. 1990இல் செய்ஜி ஒகாவா இவ்விளைவை எலியின் மூளையில் காட்டினார். ஆயின், குருதியின் அளவும் ஓட்டமும் இக்குறிகையை மாற்றுவதால், திசுவின் உயிர்வளி அழுத்தத்தை இது நேரடியாகத் தருவதில்லை, மாற்றத்தையே உணர்த்துகிறது.

இரண்டாவது, எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு. இதனை 1944இல் கசான் நகரில் எவ்கேனி சவோய்ஸ்கி கண்டுபிடித்தார். இம்முறையில், இணையற்ற எலக்ட்ரான்களைக் கொண்ட உணர்பொருள் ஒன்று திசுவில் வைக்கப்படுகிறது. லித்தியம் தாலோசயனின் படிகமும் கரித்துகள் கலந்த ‘இந்திய மை’யும் இதற்குப் பயன்பட்டுள்ளன. உயிர்வளி மூலக்கூற்றிலும் இணையற்ற எலக்ட்ரான்கள் இரண்டு உள்ளன. அம்மூலக்கூறுகள் உணர்பொருளோடு மோதுந்தோறும் அதன் நிறமாலைக் கோடு அகலமாகிறது. முன்னரே அளவீடு செய்யப்பட்டிருப்பின், அவ்வகலத்திலிருந்து அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரச அலகில் கணக்கிடலாம். ஒருமுறை வைத்த உணர்பொருளைக் கொண்டு, அவ்விடத்தில் பன்முறை அளக்க இயலும். ஆனால், உடலில் உள்ள நீர் நுண்ணலையை உறிஞ்சுவதால், சுமார் 1.2 கிகாஹெர்ட்சு அலையைப் பயன்படுத்தினாலும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் ஆழம் வரையே மேற்பரப்பிலிருந்து அளக்க முடிகிறது.

ஆகவே, படிமம் பரந்த பகுதியைக் காட்டினும் அழுத்தத்தை எண்ணால் உரைப்பதில்லை. உணர்பொருள் எண்ணை உரைப்பினும் தான் இருக்கும் இடத்தை மட்டுமே அறியும். அறிவியலைத் தமிழில் கற்பிப்போர் ‘குருதி உயிர்வளி நிறைவு’, ‘திசு உயிர்வளி அழுத்தம்’ என்னும் இரு சொற்றொடர்களையும் வேறுபடுத்தி ஆளுதல் நலம். குருதியில் உயிர்வளி நிறைந்திருக்கும்போதே கட்டியின் உட்பகுதி அதற்கு ஏங்கி நிற்கக்கூடும். சொல் மயங்கின் அவ்வுண்மையும் மறைந்துவிடும்.