நிலப்பட அடுக்குகளும் நகல்களின் பெருக்கமும்

2014-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா மாநிலம் உதயமாயிற்று. அப்பொழுது அதில் 10 மாவட்டங்கள் இருந்தன. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அவை 31 ஆயின. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் முலுகு, நாராயணபேட்டை என்னும் இரண்டு மாவட்டங்கள் மேலும் தோன்றவே, எண்ணிக்கை 33 ஆயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்தின் உள் எல்லைகள் இரு முறை மாறின.

இம்மாநிலத்தில் ஒரு சாலையையோ, கால்வாயையோ, மின் தொடரையோ வகுக்கும் பொறியாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மாவட்ட எல்லைகளைக் காட்டும் கோப்பு ஒன்றை அவர் 2014-இல் தமது கணிப்பொறியில் சேர்த்து வைக்கிறார். 2016-இல் புதிய கோப்பு வருகிறது. பழையதை அழிக்க மனம் வராமல், புதியதற்கு வேறு பெயரிட்டு அதையும் வைத்துக் கொள்கிறார். 2019-இல் மூன்றாவதும் வந்து சேர்கிறது. அதற்குள் அவருடைய உதவியாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்கென ஒரு பிரதி எடுத்திருப்பர். ‘எல்லை’, ‘எல்லை புதியது’, ‘எல்லை இறுதி’, ‘எல்லை இறுதி திருத்தியது’ என்று கோப்புகள் பெருகிய பின்னர், உண்மையானது எது என்னும் வினாவுக்கு எவராலும் உறுதியாக விடை கூற இயலாது. இந்நிலை நேராமல் நிலப்படத்தைப் புதுப்பிப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

அடுக்கு என்பது யாது?

1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை வெளியிட்டுள்ள வண்ண நிலப்படத் தாள்களை வாசகர்களில் பலர் கண்டிருப்பர். அவற்றில் நீர்நிலைகள் நீல நிறத்திலும், காடுகள் பச்சையிலும், சாகுபடி நிலங்கள் மஞ்சளிலும், சம உயரக் கோடுகள் பழுப்பிலும், சாலைகளும் குடியிருப்புகளும் சிவப்பிலும், ஊர்ப் பெயர்கள் கறுப்பிலும் அமைந்திருக்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனித் தகடு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுவது மரபு. புதிய சாலை ஒன்று தோன்றினால் அதற்குரிய தகட்டைத் திருத்தினால் போதும். மலைக்கும் ஆற்றுக்கும் உரிய தகடுகளைத் தொட வேண்டியதில்லை.

இன்றைய வரைவு மென்பொருள்களில் அடுக்கு எனப்படுவது இக்கருத்தின் தொடர்ச்சியே. ஆறுகள் ஓர் அடுக்கு, எல்லைகள் ஓர் அடுக்கு, குழாய்கள் ஓர் அடுக்கு எனப் பிரித்து வைக்கிறோம். ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அச்சுத் தகடு செய்வது செலவும் உழைப்பும் மிக்க காரியம். ஆகையால் எவரும் அதை வீணே பெருக்கமாட்டார். கணிப்பொறிக் கோப்பையோ ஒரு நொடியில் நகலெடுத்து விடலாம். இந்த எளிமையிலிருந்தே தொல்லை பிறக்கிறது.

நகல் பிறக்கும் வழிகள்

ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் ஒரு நிலப்பட அடுக்கை இறக்குமதி செய்யும்பொழுது, அதிலுள்ள கோடுகள் யாவும் நமது வரைபடத்தினுள் பிரதி எடுக்கப்படுகின்றன. அக்கணமே மூலத்துடன் உள்ள உறவு அறுந்து போகிறது. பின்னர் மூலத்தில் எத்தனை திருத்தம் நிகழ்ந்தாலும் நமது வரைபடம் அதை அறியாது. ஐம்பது வரைபடங்களில் அவ்வாறு செய்திருந்தால், ஒரே எல்லைக்கு ஐம்பது பிரதிகள் உண்டாகிவிடும்.

க்யூ.ஜி.ஐ.எஸ். என்னும் கட்டற்ற மென்பொருளில் வேறொரு வழியில் நகல் பிறக்கிறது. அதில் ஓர் அடுக்கை ஏற்றுமதி செய்தால் புதிய கோப்பு உண்டாகும். வெட்டுதல், இணைத்தல் முதலிய செய்முறைகளின் விளைவும் வழக்கமாகப் புதிய அடுக்காகவே வெளிப்படும். திருத்தம் செய்ய எண்ணியவர் தம்மை அறியாமலே நகல் செய்து விடுகிறார்.

கோப்பின் வடிவமும் இதற்குத் துணை போகிறது. நெடுங்காலமாக வழங்கி வரும் ஷேப் கோப்பு என்பது பெயரளவில் ஒன்றாயினும், உருவத்திற்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று, விவரப் பட்டியலுக்கு ஒன்று எனக் குறைந்தது மூன்று கோப்புகளின் தொகுதி. ஆயத்தொலை முறையைக் குறிக்கும் நான்காவதும் பெரும்பாலும் உடன் வரும். அவற்றுள் ஒன்று பழையதாகவும் மற்றது புதியதாகவும் கலந்துவிட்டால், உருவம் ஒன்று, விவரம் வேறொன்று என்றாகிவிடும். 2014-இல் தரமாக வெளியிடப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவத்தில் பல அடுக்குகளை ஒரே கோப்பினுள் தரவுத்தளமாக வைக்கலாம். ஆகவே அத்தகைய கலப்புக்கு அங்கே இடம் குறைவு.

சுட்டும் முறை

அரசு அலுவலகங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மூல ஆவணம் பதிவறையில் இருக்கும். மற்றைக் கோப்புகளில் அதன் எண்ணை மட்டும் குறிப்பர். வேண்டியவர் எண்ணைக் கொண்டு மூலத்தையே பார்ப்பார். கணிப்பொறியிலும் இதே முறையைக் கையாளலாம்.

1990-இல் வெளிவந்த ஆட்டோகேட் 11-ஆம் பதிப்பில் வெளிச் சுட்டு என்னும் வசதி சேர்க்கப்பட்டது. இதன்படி வரைபடத்தினுள் கோடுகள் சேமிக்கப்படுவதில்லை. மூலக் கோப்பு இருக்கும் பாதை மட்டுமே சேமிக்கப்படுகிறது. வரைபடத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூலம் புதிதாகப் படிக்கப்பட்டுத் திரையில் தோன்றுகிறது. திறந்திருக்கும்பொழுதே மூலம் மாறினால், மீளேற்றக் கட்டளை ஒன்றினால் மாற்றத்தைப் பெறலாம். க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளின் திட்டக் கோப்பிலும் அடுக்கின் பாதை, நிறம், கோட்டின் தடிப்பு முதலியவை இருக்குமேயன்றி, அடுக்கின் தரவு வழக்கமாக இராது. மூலம் இடம் மாறினாலும், தரவு மூலத்தை மாற்றும் கட்டளையால் புதிய இடத்தைச் சுட்டிவிடலாம். நிற அமைப்புகள் அப்படியே நிற்கும்.

உள்ளதைத் திருத்துதல்

சுட்டும் முறையை மேற்கொண்டபின், மூலத்தைத் திருத்தும் கலையே எஞ்சுகிறது. 2019-ஆம் ஆண்டு மாற்றத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜெயசங்கர் பூபாலபள்ளியிலிருந்து முலுகும், மகபூப்நகரிலிருந்து நாராயணபேட்டையும் பிரிந்தன. 31 மாவட்டங்களுள் உருவம் மாறியவை இரண்டு, புதியவை இரண்டு, மற்றை 29 மாவட்டங்களுக்கு வேலையே இல்லை. இத்துணைச் சிறிய மாற்றத்திற்காக அடுக்கு முழுவதையும் புதிய கோப்பாக எழுதுவது தேவையற்றது.

முதலில் மூல அடுக்கைத் திருத்த நிலையில் திறக்க வேண்டும். பின்னர்ப் பழைய மாவட்டத்தின் உருவத்தைப் பிளக்கும் கருவியால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். புதிய எல்லையைத் தனியே வரைந்து அருகில் பொருத்தினால், இரு மாவட்டங்களுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியோ மேற்படிவோ உண்டாகும். பிளந்தால் இருவர்க்கும் எல்லை ஒன்றே. அடுத்து, பிளந்த பகுதிகள் இரண்டும் ஒரே பெயரையும் எண்ணையும் தாங்கி நிற்பதால், புதிய பகுதிக்குப் புதிய பெயரும் எண்ணும் தர வேண்டும். இதை மறந்தால் ஒரே எண்ணில் இரண்டு மாவட்டங்கள் தோன்றும்.

எண்ணின் இன்றியமையாமை இங்கே விளங்கும். ஊர்ப் பெயர்கள் பலவாறு எழுதப்படுவன. எண்ணோ ஐயத்திற்கு இடந்தராது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பு, மாவட்டம் முதல் கிராமம் வரை ஒவ்வோர் அலகுக்கும் தனிக் குறியீட்டெண் அளிக்கிறது. அடுக்கின் ஒவ்வோர் உருவமும் இவ்வெண்ணைத் தாங்கியிருந்தால், புதிதாக வரும் விவரப் பட்டியலை எண்ணோடு எண் பொருத்தி, மாறியவற்றை மட்டும் மாற்றலாம். அடுக்கின் பெயரையும், பட்டியலில் உள்ள தலைப்புகளையும் மாற்றாதிருத்தல் வேண்டும். அவற்றை நம்பியே பிற வரைபடங்கள் இயங்குகின்றன.

செய்முறைகளால் புதிய அடுக்கு பிறக்கும் குறையைத் தவிர்க்க, 2018-இல் வெளிவந்த க்யூ.ஜி.ஐ.எஸ். 3.4 பதிப்பில், பல செய்முறைகளை அடுக்கினுள்ளேயே நிகழ்த்தும் வசதி தரப்பட்டது. ஆட்டோகேட் மேப் மென்பொருளிலோ, திருத்த வேண்டிய உருவத்தை எடுத்துப் பூட்டி, திருத்தியபின் அதே மூலத்தில் திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு உண்டு. பூட்டிய காலத்தில் பிறர் அதைத் திருத்த இயலாது.

ஆயத்தொலை முறையைப் பற்றியும் ஒரு சொல். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைப்படி, பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் உலகளாவிய டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆதாரத்தில் அமைந்தன. பழைய தாள்களோ எவரெஸ்ட் ஆதாரத்தில் உள்ளவை. இரண்டையும் பொருத்த, மாற்றிய பிரதி ஒன்று செய்யவேண்டும் என்பதில்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் ஆதாரத்தைச் சரியாகக் குறித்துவிட்டால், திரையில் காட்டும்பொழுது மென்பொருளே மாற்றிக் காட்டும்.

நகல் வேறு, வரலாறு வேறு

பழையதை அழித்துவிட்டால் பழைய செய்தி எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் படத்தில் காட்ட வேண்டுமாயின், அன்றைய எல்லைகளே வேண்டும். இதற்குத் தீர்வு கோப்புகளைப் பெருக்குவதன்று. பட்டியலில் தொடக்க நாள், முடிவு நாள் என்னும் இரண்டு தலைப்புகளைச் சேர்ப்பதே. பிளக்குமுன் பழைய உருவத்தை அதே அடுக்கில் முடிவு நாளிட்டு நிறுத்தி, புதிய உருவங்களுக்குத் தொடக்க நாளிட வேண்டும். அப்பொழுது எண்ணும் தொடக்க நாளும் சேர்ந்தே ஓர் உருவத்தின் அடையாளமாகும். நாளைக் கொண்டு வடிகட்டினால் 10 மாவட்டப் படமும், 31 மாவட்டப் படமும், 33 மாவட்டப் படமும் ஒரே மூலத்திலிருந்து கிடைக்கும்.

பாதுகாப்புப் பிரதியும் வேறு வகையைச் சார்ந்தது. அது வேறிடத்தில், நாள் குறித்து, பூட்டி வைக்கப்படுவது. அதில் எவரும் வேலை செய்வதில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட வரைபடமும் அவ்வாறே. அதில் சுட்டுகளைப் பிணைத்து உறையச் செய்தல் முறையாகும். ஏனெனில் ஒப்புக்கொண்டது யாது என்பதற்கு அதுவே சான்று.

சுட்டும் முறையில் இடரே இல்லை என்று கூறுவதற்கில்லை. மூலத்தின் இடம் மாறினால் சுட்டு அறுந்து போகும். மூலத்தில் பிழை நேர்ந்தால் அனைத்து வரைபடங்களிலும் அப்பிழை பரவும். ஆகவே மூலத்தைத் திருத்தும் உரிமை பொறுப்பாளர் ஒருவருக்கே இருத்தல் வேண்டும்; ஏனையோர் படிக்க மட்டுமே உரியர். திருத்தத்தைச் சேமிக்குமுன் மற்றொருவர் சரிபார்த்தல் நன்று.

மண்ணுக்கடியில் உள்ள உண்மை

இவை வெறும் அலுவலக ஒழுங்கு பற்றியவை என்று எண்ணலாகாது. சாலையைத் தோண்டும் யந்திரம், வரைபடத்தில் கம்பி இல்லை என்று கண்ட இடத்தில் இறங்குகிறது. அவ்வரைபடம் சென்ற ஆண்டின் பிரதியாக இருந்து, கம்பி இவ்வாண்டு பதிக்கப்பட்டிருந்தால், ஊருக்குத் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகும். எரிவாயுக் குழாயாயின் உயிர்ச்சேதமும் நேரலாம். முன்னறிவிப்பின்றித் தோண்டுவதால் ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு நேர்வதாக மத்திய அரசு மதிப்பிட்டது. தோண்டுவோரும், நிலத்தடிச் சாதனங்களின் உரிமையாளரும் முன்கூட்டியே தொடர்பு கொள்ளும் பொருட்டு, தோண்டுமுன் அழைக்கும் செயலி ஒன்று 2023-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் தொடங்கப்பட்டது. பல அமைச்சகங்களின் அடுக்குகளை ஒரே மேடையில் காணச் செய்யும் பிரதமர் கதி சக்தித் திட்டம் அதற்கு முன்பே, 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிற்று.

இத்தகைய பெரிய ஏற்பாடுகளும், இறுதியில், ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு மேசையிலும் கோப்பு எவ்வாறு பேணப்படுகிறது என்பதையே நம்பி நிற்கின்றன. தரவை ஓரிடத்தில் வைத்தல், பிற இடங்களில் அதைச் சுட்டுதல், ஒவ்வோர் உருவத்திற்கும் எண்ணிடுதல், ஒவ்வொரு மாற்றத்திற்கும் நாளிடுதல் ஆகிய நான்கு விதிகளைக் கடைப்பிடிப்பது கடினமன்று. இவற்றைக் கடைப்பிடிக்கும் அலுவலகத்தில், சாலையை வகுப்பவரும் கம்பியைப் பதிப்பவரும் ஒரே நிலத்தின் ஒரே படத்தைக் காண்பர்.